இடம் பழகாத கோழிகள்

முதலியார்பேட்டையில் இருந்தவரைக்கும் கலியபெருமாள் வீட்டில் கோழி கொக்கரிக்காத நாள் கிடையாது. கறுப்பி, செவலை, சாம்பலி என்று மூன்று. ஒன்று முட்டையிட்டுவிட்டு இறங்கினால் மற்ற இரண்டும் கூடவே சேர்ந்துகொண்டு தெருவையே கூட்டிவிடும். எதிர்வீட்டுக்காரி, "அஞ்சலாட்சி, உங்க வூட்டுல முட்ட போடுதா, பஞ்சாயத்து நடக்குதா?" என்று கேட்பாள். அவர் மனைவி அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே போய் முட்டையை எடுத்து, கன்னத்தில் ஒரு தரம் ஒற்றிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டு வருவாள். எதற்கு ஒற்றிப் பார்க்கிறாள் என்று கலியபெருமாள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றும்.

அஞ்சலாட்சி காமாலையில் போய்ச் சேர்ந்த மறுவருஷம் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. மகன் பிரான்சிலிருந்து வருகிறான், இடித்து மாடி எடுத்துக் கட்டப்போகிறான் என்றார். கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அதனால் கலியபெருமாளுக்குச் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

கருவடிக்குப்பத்தில் ஓட்டு வீடு ஒன்று கிடைத்தது. சாமான்களை வண்டியில் ஏற்றிய பிறகு, கோழிகளைப் பெரிய மூங்கில் கூடையில் போட்டு, அஞ்சலாட்சியின் பழைய புடவையால் மூடிக் கட்டினார். மகள் வேம்பு கூடையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். வண்டி பட்டணம் முழுவதையும் தாண்டி வடக்கே போனது. வழியெல்லாம் கூடைக்குள்ளிருந்து சத்தமில்லை. கூடையை வைத்திருந்தவளிடமிருந்தும் சத்தமில்லை. தொல்லை கொடுக்காமல் வருகிறார்களே என்று அப்போது அவருக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

புது இடத்தில் கூடையைத் திறந்துவிட்டதும் மூன்றும் இறங்கவில்லை. கவிழ்த்துக் கொட்டின பிறகுதான் இறங்கின. செம்மண் தரை. சுற்றிலும் முந்திரி மரங்கள். சுவரோரம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அன்றைக்கு நின்ற நிலைதான். மேயும், தண்ணீர் குடிக்கும், பொழுது சாய்ந்தால் தானாகக் கூடைக்கடியில் போய் அடையும். ஆனால் முட்டை இல்லை. கொக்கரிப்பும் இல்லை.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மில்லில் நூல் பிரிவில் வேலை. அந்த இரைச்சலுக்குள் ஒருவரோடு ஒருவர் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் அவருக்கு அதே பழக்கம். அஞ்சலாட்சி இருந்தவரை அப்பனும் மகளும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். 'அவளுக்கு நோட்டு வேணுமாம்', 'அப்பாவுக்குத் தண்ணி எடுத்துக் குடு' என்று அவள் இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவள் போன பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சைச் சுமக்க ஆள் இல்லை.

குடி வந்த சூட்டோடு ஒருநாள் அவர் முதல் ஷிப்டு முடிந்து வந்தபோது பக்கத்து வீட்டு ஆயம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, உள்ள போவாதீங்க. பயப்படாதீங்க, நல்ல சேதிதான். உங்க பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டா."

கலியபெருமாள் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கேயே நின்றார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று தெரிந்தது. தூக்கை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

சொல்லி அனுப்பியதும் பாகூரிலிருந்து அவருடைய அக்கா கன்னியம்மாள் வந்தாள். பின்தாழ்வாரத்தில் பச்சைத் தென்னங்கீற்றை வைத்து மூலையைத் தடுத்து வேம்புவை உள்ளே உட்கார வைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். உளுந்து களி கிண்டினாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அறுப்புக் காலம்டா. நான் ரெண்டு எடத்துல இருக்க முடியாது. ஆயம்மா களி கிண்டிக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கா. முட்ட மட்டும் ஒன் பொறுப்பு. தெனம் வெடியக்காலயில ஒரு நாட்டுக்கோழி முட்ட, பச்சயா. அந்த ஓட்டாலயே நல்லெண்ண அளந்து மேல குடிக்கணும். இப்ப குடிச்சாத்தான் பொண்ணுக்கு இடுப்புல பெலம் நிக்கும். அதான் மூணு கோழி வெச்சிருக்கியே."

"எடம் மாறினதுலேருந்து போட மாட்டேங்குதுக்கா."

"போடாம எங்க போவும்?" என்றவள் கீற்று மறைப்பின் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்றத மனசுல வெச்சுக்க. நீ ஒரு வாரம் ராவு ஷிப்டு, ஒரு வாரம் பகல் ஷிப்டு. வயசுக்கு வந்த பொண்ணத் தனியா வுட்டுட்டு எப்டிடா போவ? அதுவும் அது ஊமையாட்டம் ஒக்காந்துருக்கு. எங்கிட்டக்கூட வாயத் தொறக்கல. மஞ்சத்தண்ணி ஊத்த வருவேன். அதுக்குள்ள அது ஒடம்பு தேறி, நாலு வார்த்த பேசி இருந்துச்சுன்னா ஒன்னோடயே இருக்கட்டும். இல்லன்னா பாகூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். மில்லில் ஆட்டுகிற மாதிரி. அதற்குச் சரி என்றும் அர்த்தம், கேட்கவில்லை என்றும் அர்த்தம்.

மறுநாள் விடியலிலிருந்து கலியபெருமாளுக்குக் கோழிகளைத் தவிர வேறு நினைப்பில்லை. அஞ்சலாட்சி காலையில் கூடையைத் திறக்கும்போது ஒவ்வொன்றாகப் பிடித்து, பின்பக்கம் சுண்டுவிரலை வைத்துப் பார்த்து, "செவலைக்கு இன்னைக்கு இருக்கு" என்பாள். இருக்கிறதை மட்டும் கூடைக்குள் விட்டு மற்றதை மேய விடுவாள். அவளுக்கு அது ஜடை பின்னுகிற மாதிரி ஒரு நொடி வேலை. அவருக்கு அது வரவில்லை. அவர் நெருங்கும்போதே கோழிகள் சிதறி ஓடும். துரத்தி, இறக்கையைப் பிடித்து இழுத்து, அமுக்கிப் பார்ப்பார். உள்ளே ஏதோ இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். சந்தேகத்துக்கு மூன்றையுமே கூடைக்கடியில் அடைத்துவிட்டு வேலைக்குப் போவார். மத்தியானம் வந்து பார்த்தால் எச்சம்தான் இருக்கும். பொழுது சாய்கிறபோது மறுபடியும் பிடித்துப் பார்ப்பார்.

கீற்று மறைப்புக்கு வெளியேயும் அப்படித்தான் போய் நின்றார்.

"வேம்பு, சாப்புட்டியா?"

"ம்."

"ஒடம்பு என்னா பண்ணுது?"

பதில் இருக்காது.

"ஏம்மா பேச மாட்டேங்கற? இந்த வூடு புடிக்கலியா? அப்பாகிட்ட சொல்லு."

கீற்றின் இடுக்கில் அவள் பாவாடைக் கரை தெரியும். அது கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அவர் சற்று நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவார். அரைமணி கழித்து மறுபடியும் போய், "தண்ணி வேணுமா?" என்பார்.

ஆயம்மா வேலிக்கு அந்தப்பக்கமிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் சாம்பலியைத் துரத்திக்கொண்டு முந்திரி மரத்தைச் சுற்றி வந்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, தெனத்துக்கும் வெரல வுட்டுக் கணக்கெடுத்தா எந்தக் கோழிதான் முட்ட வுடும்? இருந்ததயும் உள்ள இழுத்துக்கும்."

"அஞ்சலாட்சி தெனம் பாப்பாளே?"

"அவங்க கை வேற. அது வளத்த கை." சிரிப்பு நின்று முகம் கனிந்தது. "எடம் மாறிச்சுன்னா கோழிக்குக் கொஞ்ச நாளு திக்கு தெரியாதுண்ணே. எங்க ஒக்கார்றது, எங்க பூன வரும், எந்தப் பக்கம் வெயிலு வுழும், எல்லாத்தையும் அது தானா பாத்துக்கணும். எறகு வேற உதுத்துக்கிட்டு இருக்குது பாருங்க. சும்மா வுட்டுடுங்க. அது பாட்டுக்கு இருந்து, ஒரு நாளு தானா எடம் தேடும்."

"எத்தினி நாளு ஆவும்?"

"அதக் கோழியத்தான் கேக்கணும்."

அவருக்கு நாள் இல்லை. சும்மா விடச் சொன்னதைத் தவிர மற்றவர்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தார். கருவாட்டுத் தூளைத் தவிட்டில் பிசைந்து வைத்தார். பழைய முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டார். புதுக் கோழி வீட்டை விட்டுப் போகாமலிருக்க அடுப்பைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று யாரோ சொல்ல, மூன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அணைந்த அடுப்பைச் சுற்றி வந்தார். செவலை அவர் சட்டையில் கழிந்துவைத்தது. மேஸ்திரியிடம் போய், பகல் ஷிப்டு மட்டும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். மேஸ்திரி இரைச்சலுக்குள் கையை அசைத்துக் காட்டினார். பார்க்கலாம் என்பது போலிருந்தது.

வெளியில் வாங்கலாம் என்றால் அந்த வருஷம் கோடை தொடங்கும் முன்னாலேயே வெள்ளைக்கழிச்சல் வந்து, சுற்று வட்டாரத்தில் கோழிகள் கூண்டோடு செத்துப்போயிருந்தன. ஆயம்மா வீட்டிலேயே வெறும் கூடைதான் கவிழ்ந்து கிடந்தது. பெரிய மார்க்கெட்டில் ஒரு கிழவியிடம் கொஞ்சம் இருந்தது. வாங்கி வந்து உடைத்தால் எல்லாம் அழுகிய கூழ். முட்டை இல்லாத காலைகளில் ஆயம்மா எண்ணெயை மட்டும் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தாள்.

மில்லுக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருந்த பாவாடை என்பவனிடம் கலியபெருமாள் இதைச் சொல்லும்படி ஆயிற்று.

"சேவல் இல்லியா மாமா ஒங்க வூட்டுல?"

"இல்ல. சொல்தா வூட்டுல குடுத்துட்டு வந்துட்டேன்."

"அதான் கோழிக்கு மனசு இல்ல. வூடுன்னா தொணை வேணும் மாமா. கோழிக்கும் சொல்றேன், ஒங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கலியபெருமாள் சிரிக்காததைப் பார்த்துப் பாவாடை குரலை மாற்றினான். "பொண்ணு குடிக்கத்தான? பண்ணக்கோழி முட்டய வாங்கிக் குடுங்க. முட்டதான் அதுவும்."

"வெள்ளையா இருக்குமே. பொண்ணுக்குத் தெரிஞ்சுடும்."

பாவாடை, கொதித்துக்கொண்டிருந்த டீத்தூள் பையைத் தூக்கிக் காட்டினான்.

மறுநாள் விடியலில் கலியபெருமாள் அடுப்படியில் குந்தி உட்கார்ந்து, ஒரு வெள்ளை முட்டையை டிக்காஷனில் உருட்டினார். கடைக்காரர்கள் செய்வதுதான். முட்டை மெல்ல மெல்ல நாட்டுக்கோழி முட்டையின் நிறத்துக்கு வந்தது. அதை வேட்டி மடிப்பில் வைத்து உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கூடையைத் தூக்குவது போலச் சத்தம் செய்தார்.

"வேம்பு, கறுப்பி போட்டுடுச்சும்மா!"

அவ்வளவு சத்தமாக அவர் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. கீற்றுக்கு மேலாக ஒரு கை நீண்டு முட்டையை வாங்கிக்கொண்டது. கறுப்பி அவர் காலடியில்தான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. முட்டையிட்ட கோழி கொக்கரித்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஓடு உடைகிற சத்தம் கேட்டது. அவள் குடித்தாள். ஓட்டை அவரிடம் நீட்டினாள். அவர் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தார். அதையும் குடித்தாள். வெறும் ஓட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் விரல் நுனியில் காவி ஏறியிருந்தது. அவர் பார்ப்பதைப் பார்த்ததும் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. என்றாலும் அடுத்த நாளும் அதையேதான் செய்தார். அதற்கடுத்த நாளும். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. 'இன்னைக்குச் செவலை' என்பார். 'ம்' என்பாள். ஒருநாள் மட்டும், அவர் முந்தின நாள் சொன்ன பேரையே மறுபடியும் சொன்னபோது, "சாம்பலி நேத்துதானப்பா போட்டுது?" என்றாள். அவர் திகைத்துப்போய், "ஆமா, இல்ல... செவலதான்" என்று திருத்திக்கொண்டார். கீற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு சின்னச் சத்தம். சிரிப்பாக இருக்கலாம். அன்று முழுவதும் மில்லில் அந்தச் சத்தத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா வரும்போது பெண் இங்கேயே இருந்துவிடுவாள் என்று முதல்முறையாக நம்பினார்.

கன்னியம்மாள் சொன்னபடி வந்தாள். வந்ததும் வேம்புவின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பரவால்ல, கொஞ்சம் பளிச்சுன்னுதான் இருக்குது. முட்ட குடிச்சியாடி?"

"குடிச்சேன் அத்த."

"கோழி போட்டுதா?"

"போட்டுது அத்த. மொதல்ல கறுப்பி போட்டுது. அப்புறம் மூணும் போட்டுது."

வேம்பு அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவர் கேட்டதே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். தனக்காகச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அந்த நிமிஷத்திலேயே அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மஞ்சள் நீருக்கு முன்னால் கடைசி முட்டையைத் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று கன்னியம்மாள் அடுக்களைக்குப் போனாள். அவர் காலையில் தயார் செய்து கிண்ணத்தில் வைத்திருந்ததை எடுத்தாள். மஞ்சள் அரைத்த ஈரக் கை. முட்டையை ஒருமுறை உருட்டிப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரல் பட்ட இடம் வட்டமாக வெள்ளை வெளேர் என்று வந்தது.

கூச்சல் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போடவில்லை. முட்டையைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தாள்.

"எத்தினி நாளா?"

அவர் குனிந்து டிக்காஷன் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினார்.

"முட்ட இல்லன்னா இல்லன்னு சொல்லியிருக்கலாமேடா. நான் என்னா ஒன்னத் தூக்கிலயா போடப்போறேன்? பச்சப்புள்ள, வாயத் தொறக்காதது, ஒனக்காக வாயத் தொறந்து பொய் சொல்லுது. அதுதான் அது இங்க பேசின பேச்சா?"

அக்கா சொன்னதில் தப்பு என்று ஒரு வார்த்தை கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று தேடினார். கிடைக்கவில்லை. அஞ்சலாட்சியாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்.

மஞ்சள் நீர் ஊற்றி, புதுப்புடவை சுற்றி, ஆயம்மா ஆரத்தி எடுத்தாள். சாயங்காலம் வேம்புவின் துணிமணியும் பள்ளிக்கூடப் புத்தகமும் ஒரு பைக்குள் போயின. கன்னியம்மாள் கொல்லையைப் பார்த்து, "அந்தக் கோழிங்களயும் கூடையில போடுடா. பாகூர்ல வயக்காட்டுல மேஞ்சா தானா முட்ட வுடும்" என்றாள்.

கலியபெருமாள் கூடையை எடுக்கக் குனிந்தார்.

"வேணாம் அத்த," என்றாள் வேம்பு. "இப்பதான் கொஞ்சம் செவுத்த வுட்டு வந்து மேயுது. மறுபடியும் தூக்கிட்டுப் போனா..."

கன்னியம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனார். பாகூர் பஸ்ஸில் வேம்புவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் இரைச்சலில் அவள் ஏதோ சொன்னது கேட்கவில்லை. கையை அசைத்து என்ன என்று கேட்டார். அவளும் கையை அசைத்தாள். மில்லில் இருபது வருஷமாகக் கையைப் படித்தவர்தான். அந்தக் கை என்ன சொன்னது என்று விளங்கவில்லை.

பச்சைக் கீற்றைப் பிரித்து எடுத்துப்போய் எரித்துவிட வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் எரிக்கவில்லை. எரிக்கக்கூடாது என்று நினைத்தும் அல்ல. கை வரவில்லை. கோழிகளையும் அதற்குப் பிறகு பிடித்துப் பார்க்கவில்லை. காலையில் கூடையைத் திறந்துவிடுவார், தவிட்டை வைப்பார், போவார். வந்தால் பின்தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கீற்று காய்ந்து பழுப்பேறிக் காற்றுக்குச் சரசரத்தது.

அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானம் கறுப்பி கேறத் தொடங்கிற்று. முட்டைக்கு இடம் தேடும் கோழியின் அந்த இழுத்த சத்தத்தைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. தாழ்வாரத்தில் ஏறி, அவர் கால்மாட்டில் வந்து நின்று ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. அவர் இமையைக்கூட அசைக்கவில்லை. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தது. திரும்பி வந்து, காய்ந்த கீற்றைத் தலையால் விலக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. வேம்பு விட்டுப்போன பழைய பாவாடை ஒன்று அந்த மூலையில் கிடந்தது. அதைக் காலால் கிளறி, வட்டமிட்டு, உட்கார்ந்தது.

வேலிக்கு அந்தப்பக்கம் ஆயம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். எங்கேயோ முந்திரிக் கொட்டை சுடுகிற வாசம் வந்தது. அவர் முதுகுக்கடியில் துண்டு சுருண்டு உறுத்தியது. புரளவில்லை.

வெகுநேரம் கழித்துக் கறுப்பி எழுந்து வெளியே வந்து கழுத்தை நீட்டிக் கொக்கரித்தது. செவலையும் சாம்பலியும் எங்கிருந்தோ ஓடி வந்து கூடச் சேர்ந்துகொண்டன. முதலியார்பேட்டையில் போட்ட அதே கூச்சல். ஆயம்மா திட்டுவதை நிறுத்திவிட்டு, "அண்ணே! போட்டுடுச்சா?" என்று கத்தினாள்.

அவர் முழங்காலில் தவழ்ந்து மறைப்புக்குள் போனார். பாவாடையின் குழிவில் முட்டை இருந்தது. சின்னது. ஓட்டில் ஈரம் காயவில்லை. எடுத்துக் கன்னத்தில் ஒற்றினார். அந்தச் சூட்டுக்காகத்தான் அஞ்சலாட்சி ஒற்றியிருக்கிறாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். இங்கிருந்து பஸ் ஸ்டாண்டு போய், பாகூர் பஸ் பிடித்து, இறங்கி நடந்து போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். போனாலும் அக்கா என்ன சொல்வாள் என்று தெரியும். முட்டைக்கு உண்டான நாள் முடிந்துபோயிற்று என்பாள். தேய்த்தும் பார்ப்பாள். வேம்பு என்ன சொல்வாள் என்பதுதான் தெரியவில்லை. இதையும் டிக்காஷனில் உருட்டியது என்று எண்ணிக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவாள் என்று நினைத்ததும் திரும்பிவிட்டார்.

முட்டையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். ஆயம்மா வேலியோரம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். உள்ளே கோழிகள் ஓய்ந்துவிட்டன. கைக்குள் இருந்த சூடு முட்டையுடையதா தன்னுடையதா என்று கொஞ்ச நேரத்தில் அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. விரித்துப் பார்த்தால் ஆறிவிடும் என்று, கையை விரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.